1,500 மணித்தியாலம்

முதுமாணிப் படிப்புக்குப் பதியப் போய், அப்பாவின் பெயரிலுள்ள ஒரு 'எச்' எழுத்தில் மாட்டுப்பட்டேன். பிறப்புச் சான்றிதழின் ஆங்கில மொழிபெயர்ப்பில் அந்த எழுத்து இல்லை. பட்டச் சான்றிதழில் வந்து குந்தியிருக்கிறது. இருபது வருடமாக இரண்டும் ஒரே பைலுக்குள் சண்டை சச்சரவில்லாமல்தான் கிடந்தன. நானும் கவனிக்கவில்லை.

சத்தியக் கடதாசி கொண்டு வாருங்கள் என்றார்கள். எங்கள் ஊர்ச் சமாதான நீதவான் எனக்கு ஏ.எல். படிப்பித்தவர். கண்ணாடியைக் கழற்றி, "இரண்டும் நீர்தானே? வேறை ஆள் இல்லையே?" என்றார்.

"நான்தான் சேர்."

முத்திரையைக் குத்திவிட்டு, "நாற்பத்து மூண்டு வயசிலை உமக்கு ஏன் இது?" என்று கேட்டார். அதற்குச் சத்தியம் பண்ண என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் சம்பளப் படி ஏறும் என்று சொல்லியிருக்கலாம். அது பாதி உண்மை.

வங்கிச் சிட்டை, படங்கள், அதிபரின் கடிதம் எல்லாம் ஒப்புக்கொடுத்த பிறகு பாடத் தெரிவுப் படிவம் வந்தது. கட்டாயப் பாடங்கள் தாமாகவே அச்சாகியிருந்தன. விருப்பப் பாடம் ஐந்தில் இரண்டுக்குப் புள்ளடி போட வேண்டும். எனக்கு ஒன்றில் உண்மையான ஆசை. பேனையைத் திறந்தபோது பக்கத்தில் நின்ற பிள்ளை, போன வருடம்தான் பட்டம் முடித்தவள், மெதுவாகக் கேட்டாள்:

"சேர், எதைப் போடப் போறீங்கள்?"

சொன்னேன்.

"அதுக்கு ஆள் சேராது சேர். ஆள் காணாட்டி நடத்தமாட்டினம். எல்லாரும் போடுறதையே போடுவம்."

வெளியே வேப்பமரத்தடியில் பதினாறு பேர் நின்று ஏற்கெனவே தீர்ப்பு எழுதியிருந்தார்கள். கச்சேரியில் வேலை செய்யும் ஒருவர் கையைத் தூக்கச் சொல்லி எண்ணிக்கொண்டிருந்தார். நானும் தூக்கினேன். என் ஆசைக்கு விழுந்த வாக்கு ஒன்று, அதையும் நான் போடவில்லை.

உள்ளே திரும்பியபோதுதான் பாடங்களுக்கு நேரே இருந்த இலக்கங்கள் கண்ணில் பட்டன. கிரெடிட். இலங்கையில் இப்போதுள்ள தகைமை ஒழுங்கின்படி 9ஆம் மட்ட முதுமாணிக்கு 30 கிரெடிட் வேண்டும். ஆய்வும் சேர்ந்த 10ஆம் மட்டத்துக்கு 60. பாடங்களில் ஒரு கிரெடிட் என்பது 50 மணித்தியால உழைப்பு. விரிவுரை, வாசிப்பு, ஒப்படை, சோதனைக்குப் படிப்பது எல்லாம் அதற்குள் அடக்கம். என்னுடையது 30. பெருக்கினால் 1,500 மணித்தியாலம். இரண்டு வருடத்தில் வாரக்கடைசிகள் 104. ஒவ்வொன்றிலும் பதினாலு மணித்தியாலத்துக்கு மேல் கொடுக்க வேண்டும். அப்பாவின் எழுத்து முதல் கிராம சேவகர் பிரிவு வரை கேட்ட படிவம், இந்தப் பதினாலு எங்கிருந்து வரும் என்று மட்டும் கேட்கவில்லை.

எங்கள் யாழ்ப்பாணத்து முன்னோர் இந்தக் கணக்கை வேறு மாதிரி, கடல் தாண்டிப் போய்த் தீர்த்தார்கள். 1857இல் தொடங்கிய சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளானவர்கள் சி.வை. தாமோதரம்பிள்ளையும் கறோல் விசுவநாதபிள்ளையும். இருவரும் வட்டுக்கோட்டைச் செமினரியில் படித்தவர்கள். பின்னாளில் தமிழ்ப் பேராசிரியர்களான மூவரில், பட்டத்துக்கு மேலே படிக்க வித்தியானந்தன் லண்டனுக்குப் போனார். கைலாசபதியும் சிவத்தம்பியும் பேர்மிங்காமுக்குப் போனார்கள். பின்னர் மூவரும் யாழ்ப்பாணத்துக்கு வந்து படிப்பித்தார்கள். 1974இல் அங்கே திருநெல்வேலியில், பரமேஸ்வராக் கல்லூரி இருந்த வளவில் தொடங்கிய பல்கலைக்கழக வளாகத்துக்கு முதல் தலைவர் கைலாசபதிதான். மேற்படிப்பு வீட்டு வாசலுக்கு வந்ததில் அந்தத் தலைமுறையின் கை இருக்கிறது. அதை நான் நன்றியோடுதான் சொல்கிறேன்.

ஆனாலும் ஒரு பொறாமை. கடல் தாண்டிப் போனவனை ஆரும் அந்திரட்டிக்குக் கூப்பிடமாட்டார்கள். பேர்மிங்காமில் இருப்பவனிடம் "தண்ணி மோட்டர் இழுக்குதில்லை, வந்து பார்" என்று பெரியம்மா சொல்ல முடியாது. நான் மோட்டார் சைக்கிளில் இருபது நிமிசத்தில் வகுப்புக்குப் போய்விடுவேன். அதே இருபது நிமிசத்தில் என்னைத் திரும்பவும் கூப்பிட்டுவிடலாம். யாழ்ப்பாணத்தில் சனி, ஞாயிறு ஒருவனுக்குச் சொந்தமானதில்லை. பூப்புனித நீராட்டு விழா, எட்டுச் செலவு, பழைய மாணவர் சங்கக் கூட்டம், கனடாவிலிருந்து வந்த சித்தப்பா என்று அதற்குப் பங்காளிகள் அதிகம்.

பின்னேரம் வீட்டுக்கு வந்து மனைவியிடம் கணக்கைச் சொன்னேன். ஒன்றும் பேசாமல் சுவர்க் கலண்டரைக் கழற்றி மேசையில் விரித்தாள். ஒவ்வொரு சனியிலும் ஞாயிறிலும் 'வகுப்பு' என்று எழுதிக்கொண்டே போனாள். நெஞ்சு நிறைந்துபோனது. கிட்டப் போய்ப் பார்த்தால், பென்சிலால் எழுதுகிறாள்.

"ஏனப்பா பென்சில்?"

"ஆவணியிலை மச்சாளின்ரை மகளுக்குக் கலியாணம். ஞாயிற்றுக்கிழமைதான் முகூர்த்தம் வைச்சிருக்கினம்" என்று சொல்லி, அழிறப்பரைத் தேடினாள்.