பத்தியமும் பாமரன் அடுக்களையும்

"வாழைப்பழம் கூடாது, இளநீர் கூடாது, கிழங்கு கூடாது, கீரை கூடாது, அப்பிள் உண்ணலாம்." சிறுநீரகம் பழுதுற்ற ஏழை விவசாயியின் கையில் இத்தகைய கடதாசித் துண்டொன்றைத் திணித்ததும் தம் கடமை முடிந்ததெனக் கருதுவோர் நம்மிடையே உளர். அவன் நோய் முற்றி மீண்டும் வருகையில், 'நாவை அடக்கத் தெரியாதவன்' என்று பழியையும் அவன் தலையிலேயே சுமத்துகின்றனர்.

விஞ்ஞானத்துடன் நமக்குப் பிணக்கில்லை. ஒரு லீற்றர் குருதியில் ஏறத்தாழ 3.5 முதல் 5.0 மில்லிமோல் வரையே பொற்றாசியம் இருத்தல் வேண்டும். மிகுதியைச் சிறுநீரகம் வெளியேற்றுகின்றது. அது தளர்ந்தால் பொற்றாசியம் குருதியில் தேங்கும். பல வேளைகளில் முன்னறிகுறி எதுவுமின்றியே இதயத் துடிப்பைக் குழப்பி உயிரைப் பறிக்கும். ஆகவே பத்தியம் வேண்டும். அது யாருடைய அடுக்களையைப் பார்த்து வகுக்கப்படுகின்றது என்பதே நம் வினா.

1990களிலிருந்து இந்நோய் அநுராதபுரம், பொலன்னறுவைப் பகுதிகளின் நெற்செய்கையாளரை வாட்டி வருகின்றது. மரவள்ளி, வாழை, பலா, முருங்கைக்கீரை, இளநீர் என்பன அவர்களது வளவில் காசின்றிக் கிடைப்பவை. பட்டியல் விலக்குவது இவற்றையே. விதிப்பதோ கப்பலேறி வரும் அப்பிளை! 100 கிராம் அப்பிளில் சுமார் 110 மில்லிகிராம் பொற்றாசியம் உண்டு. நம் அன்னாசியிலும் வத்தகப்பழத்திலும் இருப்பதும் ஏறக்குறைய அவ்வளவே. வாழைப்பழத்திலோ அதன் மும்மடங்கு. அளவோடு ஒரு துண்டு அன்னாசி உண்ணலாமென எழுத ஏன் கை கூசுகின்றது? வெள்ளையரிசிச் சோறும், பீர்க்கங்காயும், கெக்கரிக்காயும், கோவாவும் பொற்றாசியம் குறைந்தவை என்பதை ஏன் அந்தத் தாளில் காணோம்?

விலக்கத் தெரிந்தவர்கள் சமைக்கச் சொல்லித்தரவில்லை. கிழங்கைத் தோல் சீவி, சிறு துண்டுகளாக்கி, நிறைந்த நீரில் அவித்து, அந்நீரைக் கொட்டிவிட்டால் பொற்றாசியத்தில் ஏறத்தாழ பாதி நீங்கும். வெறுமனே நீரில் ஊறவிடுவதால் மட்டும் பெரும்பயன் இல்லை. 'அவித்த நீரிலேதான் சத்து' என்று நம் தாய்மார் அதனைக் கறியிற் சேர்ப்பர். வீட்டிலுள்ள மற்றவர்க்கு நன்மை செய்யும் அந்த நீரே இந்த நோயாளிக்கு நஞ்சாகும். இவ்வொரு வாக்கியத்தை அவர்களுக்குச் சொல்ல எத்தனை நாழிகை செல்லும்?

வியாபாரியோ மௌனமாயிருப்பதில்லை. சோடியம் குறைந்த உப்பென்று அவன் விற்பவற்றுட் பல பொற்றாசியம் குளோரைட்டு கலந்தவை. உப்பைக் குறைக்கச் சொல்லப்பட்ட நோயாளி, நல்லதென நம்பி அதனையே வாங்குகின்றான். நாவை அடக்கியவனையும் அறியாமை கொல்கின்றது.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். சிறுநீரக நோயாளர் எல்லார்க்கும் இப்பத்தியம் ஒரே அளவில் வேண்டியதில்லை. சிலருக்குப் பொற்றாசியம் குறைந்துபோவதும் உண்டு. குருதிப் பரிசோதனையே அதனைத் தீர்மானிக்கும். கூலிநாளை இழந்து பஸ்ஸேறித் தொலைவுக்குப் போய்த்தான் அப்பரிசோதனையைப் பெறவேண்டுமெனில், பத்தியம் குருட்டு விதியாகின்றது. உண்ணக்கூடியதையும் அஞ்சி விலக்கி உடல் மெலிகின்றான் ஏழை.

எனவே நாம் கேட்பது சலுகையன்று. கிராமத்துக்கு அண்மையிலேயே பரிசோதனை வேண்டும். நோயாளியின் வளவையும் சட்டியையும் வருமானத்தையும் கேட்டறிந்து, தமிழிலும் சிங்களத்திலும் எழுதப்பட்ட பத்தியம் வேண்டும். சமைப்பவரையும் அருகிலிருத்தி அதனை விளக்க வேண்டும். இவற்றைச் செய்யாதவரை, 'நாவை அடக்கு' என்று ஏழைக்கு உபதேசிக்கும் உரிமை எவருக்கும் இல்லை.