செருப்புக்காகக் காலை வெட்டலாமா?

வாங்கிவந்த செருப்பு அளவு சேரவில்லை என்றால் செருப்பைத்தான் மாற்றுவார்கள். யாரும் காலை வெட்டிக்கொள்வதில்லை. ஆனால் பழைய போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிளுக்கு ஸ்கோப் பொருத்தும் விஷயத்தில் இந்தச் சின்ன உண்மை அடிக்கடி மறந்துபோகிறது. எண்பது, நூறு வருடம் பிழைத்துவந்த ஒரு துப்பாக்கியை, நேற்று வாங்கிய ஒரு மவுண்டுக்காகத் துளைபோட்டு, ராவி, வளைத்துவிடுகிறார்கள்.

போல்ட் ஆக்‌ஷன் என்றால் என்ன? ஒவ்வொரு முறை சுட்ட பிறகும் பக்கவாட்டில் உள்ள கைப்பிடியைத் தூக்கி, பின்னால் இழுத்து, முன்னால் தள்ளி அடுத்த தோட்டாவை ஏற்ற வேண்டும். இந்தியப் போலீஸ்காரர்களின் தோளில் பல்லாண்டு தொங்கிய 303 இந்த வகைதான். பிரிட்டனின் லீ-என்ஃபீல்ட், ஜெர்மனியின் மவுசர் 98, ரஷ்யாவின் மோசின்-நாகாந்த், அமெரிக்காவின் ஸ்ப்ரிங்ஃபீல்ட் 1903 எல்லாம் இதே குடும்பம். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் இவை மலைபோல் மிஞ்சின. அமெரிக்காவில் மலிவு விலைக்கு விற்கப்பட்டன. 1968-ல் புதிய துப்பாக்கிச் சட்டம் வரும்வரை தபாலிலேயே வரவழைக்க முடிந்தது. அப்படி வந்தவையும், போரிலிருந்து திரும்பிய சிப்பாய்கள் கொண்டுவந்தவையும் இன்று பேரப்பிள்ளைகளின் கையில் இருக்கின்றன.

அவர்கள் ஸ்கோப் கேட்பதில் தவறே இல்லை. பழைய ரைஃபிளில் குழலின் நுனியில் ஒரு முள், அதற்குப் பின்னால் ஒரு பள்ளம். பள்ளம், முள், இலக்கு ஆகிய மூன்றையும் கண் ஒரே நேரத்தில் தெளிவாகப் பார்க்க முடியாது. நாற்பது வயதைத் தாண்டினால் இன்னும் சிரமம். ஸ்கோப் இலக்கையும் குறியையும் ஒரே தளத்தில் காட்டிவிடுகிறது. மானை வேட்டையாடுகிறவர் அதைச் சரியான இடத்தில் சுட்டு உடனே வீழ்த்துவதற்கும், காயத்தோடு ஓடவிடுவதற்கும் உள்ள வித்தியாசம் சில சமயம் இதில்தான் இருக்கிறது. ஆகவே கேள்வி ஸ்கோப் வேண்டுமா என்பதல்ல. எதை எதற்காக மாற்றுவது என்பதுதான்.

இன்றைய வேட்டை ரைஃபிள்கள் பெரும்பாலும் மவுண்டுக்கான துளைகளோடும் மரையோடும் தொழிற்சாலையிலிருந்தே வருகின்றன. மவுசர் 98-ஐ வடிவமைத்தபோது ஸ்கோப் யார் நினைவிலும் இல்லை. ஜெர்மன் ராணுவம் அதை ஏற்றுக்கொண்டது 1898-ல். அதன் ரிசீவரின் மேல் ஸ்கோப்பைத் தாழ்வாக வைத்தால் போல்ட் கைப்பிடி மேலே எழும்போது அதில் இடிக்கும். போல்ட்டின் பின்முனையில் கொடிபோல் நிற்கும் சேஃப்டியும் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போகையில் இடிக்கும். ஐந்து தோட்டாக்களைக் கிளிப்போடு மேலிருந்து அழுத்தி ஏற்றும் வழியும் அடைபட்டுப்போகும். இந்த மூன்றுக்கும் வழக்கமான வைத்தியம் ஒன்றுதான். கைப்பிடியை வெட்டி வேறு கோணத்தில் பற்றவைப்பது, சேஃப்டியை மாற்றுவது, ரிசீவரில் மூன்று நான்கு துளை போடுவது. ஒரு ஸ்கோப்புக்காக மூன்று அறுவைச் சிகிச்சை!

இதைவிடப் பெரிய ஏமாற்றம் பெயரில் இருக்கிறது. ‘மவுசர் 98-க்கு’ என்று எழுதிய மவுண்டை வாங்கினால் மவுசர் 98-க்குப் பொருந்தும் என்று நினைப்பது இயல்பு. ஆனால் மவுசர் 98 என்பது ஒரு துப்பாக்கி இல்லை, ஒரு பெரிய குடும்பம். வழக்கமான ரைஃபிளில் ரிசீவரின் முன்வளையம் சுமார் 35.8 மி.மீ. விட்டம், முதல் உலகப் போர்க்காலத்து 98ஏ கார்பைனில் சுமார் 33 மி.மீ. யுகோஸ்லாவியாவின் எம்48-ன் ரிசீவர் வழக்கமானதைவிட சுமார் 6 மி.மீ. குட்டை. ராணுவ ரைஃபிளில் பின்பாலத்தின் மேல் கிளிப்புக்கான திமில் இருக்கும். வேட்டைக்காக மாற்றியதில் அதை ராவி எடுத்திருப்பார்கள். ஒன்றுக்குச் செய்த பேஸ் இன்னொன்றில் ஆடும், அல்லது சாயும்.

கொஞ்சம் சாய்ந்தால் என்ன என்று கேட்கலாம். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இரண்டு வளையங்களுக்கு இடையே 12 செ.மீ. தூரம் என்று வைத்துக்கொள்வோம். ஒன்று மற்றதைவிட வெறும் 0.1 மி.மீ. உயரமாக இருந்தால், 100 மீட்டரில் குறி 8 செ.மீ.க்கு மேல் விலகிவிடும். ஒரு காகிதத்தின் கனம்தான் அந்த 0.1 மி.மீ. அரை மில்லிமீட்டர் கோணலாகத் துளை போட்டுவிட்டால் விலகலும் அதற்கேற்பப் பெரிதாகிவிடும். ஸ்கோப் மோசம் என்று அதைத் திருப்பி அனுப்புகிறவர்களில் சிலருக்காவது உண்மையான குற்றவாளி மவுண்டாகத்தான் இருக்கும்.

அந்தக் கால ராணுவங்கள் என்ன செய்தன? பிரிட்டன், லீ-என்ஃபீல்ட் நம்பர் 4-ல் நன்றாகச் சுடும் ரைஃபிள்களாகப் பொறுக்கியெடுத்து ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் நிறுவனத்திடம் கொடுத்தது. அவர்கள் ரிசீவரின் இடப்பக்கத்தில் பட்டைகளைப் பொருத்தி, மூன்று மடங்கு பெரிதாக்கும் ஸ்கோப்பைப் பக்கவாட்டு மவுண்டில் ஏற்றினார்கள். எந்த ஸ்கோப் எந்த ரைஃபிளுக்கு என்று எண்ணைக் கட்டையிலேயே பொறித்தார்கள். ஜோடி மாறக்கூடாது என்பதில் அவ்வளவு கவனம்! ரஷ்யா மோசினில் பக்கவாட்டு மவுண்ட் வைத்தது. நேராக இருந்த போல்ட் கைப்பிடியை நீட்டிக் கீழே வளைத்தது. அமெரிக்கா 1943-ல் கொண்டுவந்த 1903ஏ4-ல் ரிசீவரின் மேலேயே ஸ்கோப்பை வைத்தது. பலன், கிளிப் போட வழியில்லை, தோட்டாவை ஒவ்வொன்றாக ஏற்ற வேண்டியதாயிற்று. ஜெர்மனியின் இசட்எஃப் 41 மட்டும் வேறு வழியில் போனது. ஒன்றரை மடங்கு மட்டுமே பெரிதாக்கும் அந்தச் சிறிய ஸ்கோப், ரிசீவரைத் தொடாமல் பின் சைட்டின் அடிப்பகுதியிலேயே உட்கார்ந்தது.

இன்று துளை போடாமல் பொருத்தும் மவுண்டுகளில் பல அந்த வழியில்தான் வருகின்றன. மவுசரிலும் மோசினிலும் பின் சைட்டின் தகட்டை மட்டும் கழற்றிவிட்டு அதே ஆணியில் ஒரு தண்டவாளத்தைப் பூட்டலாம். ஸ்கோப் கண்ணிலிருந்து தள்ளி இருக்கும் என்பதால் தொலைவிலிருந்தே பார்க்கக்கூடிய தனி வகை ஸ்கோப் வேண்டும். ஜெஃப் கூப்பர் 1980-களில் பிரபலமாக்கிய ‘ஸ்கவுட் ரைஃபிள்’ யோசனையும் இதுதான். போல்ட் இடிக்காது, சேஃப்டி இடிக்காது, கிளிப்பும் போகும். நாளைக்கு வேண்டாம் என்றால் கழற்றிவிட்டுப் பழைய தகட்டை மாட்டிவிடலாம்.

இதற்கு மறுப்பும் உண்டு. இப்படிப்பட்ட மவுண்டுகளில் சில ஆடுகின்றன, பத்து முறை சுட்டால் குறி மாறுகிறது என்கிறார்கள். மலிவான மவுண்டுகளைப் பொறுத்தவரை அது நியாயமான புகார். ஒரு சின்ன ஆணியை நம்பி கனமான ஸ்கோப்பை ஏற்றினால் ஆடத்தான் செய்யும். அதற்குப் பதில் இலகுவான, இரண்டு மூன்று மடங்கு ஸ்கோப்போடு திருப்தியடைவது. 300 மீட்டரில் ஒரு நாணயத்தை அடிக்க வேண்டும் என்பவருக்கு இந்த ரைஃபிளே சரியான தேர்வு இல்லை. அவர் புதிய ரைஃபிள் ஒன்றை வாங்கிக்கொள்வது எல்லோருக்கும் நல்லது.

இன்னொரு சாராரும் இருக்கிறார்கள். தாத்தாவே 1955-ல் துளை போட்டு, கட்டையை வெட்டி வேட்டைத் துப்பாக்கியாக்கிவிட்டார் என்றால்? அதில் காப்பாற்ற வேண்டிய ராணுவ வடிவம் போய்விட்டது. அங்கே தயங்க வேண்டியதில்லை. ஆனால் ஏற்கெனவே உள்ள துளைகளின் இடைவெளியை அளந்து, அதற்கேற்ற பேஸைத் தேடுவதே முறை. திருகின் மரையையும் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் பரவலாக உள்ளது அங்குலத்துக்கு 48 மரை கொண்ட ஆறாம் எண் திருகு. வளையம் ஒரு அங்குலமா, 30 மி.மீ.ஆ என்பது ஸ்கோப்பின் குழலைப் பொறுத்தது. வீவர் பேஸின் பள்ளம் 4.57 மி.மீ., பிகாட்டினியின் பள்ளம் 5.23 மி.மீ. பிகாட்டினி வளையம் வீவர் பேஸில் உட்காராது. கடைக்குப் போகும் முன் ஒரு வெர்னியர் காலிப்பரோடு அரைமணி நேரம் உட்கார்ந்தால் பாதிப் பணமும் முழு எரிச்சலும் மிச்சம்.

உயிர் சம்பந்தப்பட்ட ஒரு விஷயமும் உண்டு. ஸ்ப்ரிங்ஃபீல்ட் 1903-ல், ஸ்ப்ரிங்ஃபீல்ட் தொழிற்சாலையின் 800,000-க்குக் குறைந்த எண்களும், ராக் ஐலண்ட் தொழிற்சாலையின் 285,507-க்குக் குறைந்த எண்களும் கொண்ட ரிசீவர்கள் நொறுங்கக்கூடியவை என்று பெயர் பெற்றவை. அந்தக் காலத்தில் உலையின் சூட்டைக் கண்ணால் பார்த்தே மதிப்பிட்டதால் சில ரிசீவர்களின் உலோகம் கெட்டுப்போனது. அப்படிப்பட்ட துப்பாக்கிக்கு மவுண்ட் தேடுவதே வீண்வேலை. அதைச் சுடாமல் சுவரில் மாட்டி வைப்பதுதான் புத்திசாலித்தனம். எண்ணைப் படிக்காமல் துளைபோடும் கருவியைக் கையில் எடுக்கக்கூடாது என்பதற்கு இதைவிட நல்ல காரணம் வேண்டுமா?

1950-களில் துளை போட்டவர்களைத் திட்டுவதில் அர்த்தமில்லை. அன்று அது மலிவான, எங்கும் கிடைத்த பொருள். ஒன்று கெட்டால் இன்னொன்று. இன்று அப்படி இல்லை. தொழிற்சாலையை விட்டு வந்தபடியே இருக்கும் ரைஃபிள்கள் குறைந்துகொண்டேதான் போகின்றன, கூடப்போவதில்லை. விலையும் அதைத்தான் சொல்கிறது. துளை போட்ட ஒன்றும் போடாத ஒன்றும் அருகருகே இருந்தால் சேகரிப்பவர் எதை எடுப்பார் என்று சொல்லத் தேவையில்லை.

துளையை அடைக்கலாம், மெருகு போடலாம், ஆனால் துளை போடாததாக ஆக்க முடியாது. மவுண்ட் இந்த வருடம் பிடிக்கவில்லை என்றால் அடுத்த வருடம் வேறு வாங்கிக்கொள்ளலாம், தாத்தாவின் ரைஃபிளை அப்படி வாங்க முடியாது. செருப்பு கடையில் இருக்கிறது. கால் ஒன்றுதான்.