அடுப்பு எரிகிறது, சாவி யாரிடம்?

வடக்குத்தில் பேருந்து ஏறினால் ஒரு பக்கம் நெய்வேலி ஆர்ச் கேட், மறுபக்கம் சில கிலோமீட்டரில் வடலூர். நெய்வேலிச் சுரங்கத்தில் முடிவெடுப்பவர் யார் என்ற குழப்பத்துக்கே இடமில்லை. சட்டப்படி ஒவ்வொரு சுரங்கத்துக்கும் ஒரே மேலாளர். நிர்வாகமும் மேற்பார்வையும் அவர் பொறுப்பு. வடலூரின் கதை வேறு.

மேலாண்மை வகுப்புகளில் இன்று போதிக்கப்படும் ‘சேவைத் தலைமை’க்கு 1970-இல் பெயர் சூட்டியவர், அமெரிக்கத் தொலைபேசி நிறுவனம் ஒன்றில் பல்லாண்டு வேலை பார்த்த ராபர்ட் கிரீன்லீஃப். முதலில் தொண்டர், அப்புறம்தான் தலைவர் என்பது அவர் வாதம். அதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே, 1867 மே 23-இல், வடலூரில் பார்வதிபுரத்து மக்கள் கொடுத்த ஏறத்தாழ 80 காணி நிலத்தில் வள்ளலார் தருமச்சாலையைத் தொடங்கிவிட்டார். சாதி கேட்காமல் வந்தவருக்கெல்லாம் சோறு.

அந்த அடுப்பைப் பார்க்க வேண்டும். 21 அடி நீளம், வரிசையாக அண்டாக்கள். 1874 ஜனவரியில் மேட்டுக்குப்பத்து அறைக்குள் போன வள்ளலார் திரும்பி வரவில்லை. இரண்டே ஆண்டில் சென்னை மாகாணத்தைத் தாது வருடப் பஞ்சம் வாட்டியது. தலைவர் இல்லை. அடுப்பு அப்போதும் அணையவில்லை என்பதுதான் சாலையின் பெருமை. இந்த வகைத் தலைமையின் முழு பலமும் இதில் இருக்கிறது. பசித்தவருக்குச் சோறு போட யாருடைய உத்தரவும் வேண்டாம். நெல் கொண்டு வருபவர் கொண்டு வருவார், கரண்டி பிடிப்பவர் பிடிப்பார்.

சோற்றுக்குச் சரி. சபைக்கு?

1872-இல் ஞானசபையைக் கட்டிய வள்ளலார், வழிபாட்டு விதிகளையும் அதே ஆண்டில் எழுதி வைத்தார். விளக்கேற்றுபவர் 12 வயதுக்கு உட்பட்டவராகவோ 72 வயதுக்கு மேற்பட்டவராகவோ இருக்க வேண்டும் என்கிற அளவுக்கு நுணுக்கமான விதிகள். விதியை மீறினால் தட்டிக் கேட்கும் அதிகாரம் யாருக்கு என்பதுதான் உறுதிப்படவில்லை. அவர் போனபின் ஜோதி இருக்க வேண்டிய இடத்துக்கு உருவ வழிபாடு வந்து சேர்ந்தது. எதிர்ப்பு கிளம்பி, 2006-இல் அறநிலையத் துறை அதைத் தவறென்று தீர்மானித்து, 2010-இல் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அப்போது கைகொடுத்தது 1872-இல் எழுதிய அந்தத் தாள்தான். அவர்மேல் அன்பு வைத்திருந்தவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தும், அந்தத் தாளுக்கு உயிர் வர நூறாண்டுக்கு மேல் ஆயிற்று.

கட்டளையிடக் கூசும் தலைமைக்கு இந்தச் சங்கடம் எங்கும் உண்டு. தலைவர் விட்டுச் செல்லும் நாற்காலி காலியாக இருப்பதில்லை. யார் முந்திக்கொள்கிறாரோ அவர் உட்கார்ந்துவிடுகிறார். அதற்காக நெய்வேலி வழியை வடலூருக்குப் பரிந்துரைப்பதும் அபத்தம். ஒற்றை அதிகாரி ஆண்டிருந்தால், வரவு குறைந்த ஏதோ ஒரு வருடத்தில் சிக்கன நடவடிக்கை என்று அடுப்பை மூடியிருப்பார்.

ஊரார் கொடுத்த நிலத்தின் விவகாரம் இன்னும் சிக்கல். தைப்பூசத்தன்று லட்சக்கணக்கானோர் கூடும், சபையைச் சுற்றியுள்ள பெருவெளியில், 99.90 கோடி ரூபாயில் வள்ளலார் சர்வதேச மையம் அமைக்க 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார் முதல்வர் ஸ்டாலின். ஏப்ரலில் பார்வதிபுரம் மக்கள் திரண்டு வேலையை மறித்தார்கள். வழக்கு உயர் நீதிமன்றத்துக்குப் போனது. வள்ளலார் பெயரைச் சொல்லித்தான் அரசு கட்ட வந்தது, அதே பெயரைச் சொல்லித்தான் நிலம் கொடுத்த ஊரும் தடுத்தது. இருவரில் யார் பேச்சு செல்லும் என்று 1867-இல் யாரும் எழுதி வாங்கிக்கொள்ளவில்லை.