மருந்துப் பையில் விடுபட்ட ஒரு வரி

சுங்கை காடுட் வட்டாரத் தோட்ட வீடுகளில், பாட்டியின் மருந்துப் பையில் மலாயில் அச்சிட்டிருப்பதை வாசித்துச் சொல்வது பெரும்பாலும் உங்களைப் போன்ற பிள்ளைகள்தாம். பையில் ‘கார்பிமசோல்’ என்றிருந்தால் கொஞ்சம் நிதானியுங்கள்.

தைராய்டு சுரப்பி அளவு மீறிச் சுரந்தால் நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், நன்றாகச் சாப்பிட்டும் உடல் இளைக்கும். சுரப்பி அயோடினைக் கொண்டு புதிய ஹார்மோன் தயாரிப்பதைக் கார்பிமசோல் தடுக்கிறது. ஏற்கெனவே சேர்த்து வைத்ததை அது தொடுவதில்லை. அந்தக் கையிருப்பு தீரச் சில வாரம் பிடிக்கும். “பத்து நாளாகிறது, மருந்து கேட்கவில்லை” என்று பாட்டி மாத்திரையை ஒதுக்கினால் இதைச் சொல்லுங்கள். படபடப்பு அடங்கியதும் நிறுத்துவதும் தவறுதான். சிகிச்சை வழக்கமாக 12 முதல் 18 மாதம் நீளும். அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் இரத்தப் பரிசோதனையைப் பார்த்து மருத்துவர் செய்யும் வேலை.

காய்ச்சலோ தொண்டை வலியோ வாய்ப்புண்ணோ வந்தால் மட்டும் கதை வேறு. ஆயிரத்தில் சிலருக்கு இம்மருந்து இரத்த வெள்ளை அணுக்களை அபாயகரமாகக் குறைத்துவிடும், பெரும்பாலும் முதல் மூன்று மாதத்தில். அப்போது கிருமியை எதிர்க்க உடலில் ஆள் இருக்காது. பனடோல் கொடுத்துப் படுக்க வைக்காதீர்கள். அடுத்த மாத்திரையை நிறுத்திவிட்டு, அன்றே கிளினிக்கிற்கோ சிரம்பான் துவாங்கு ஜாஃபார் மருத்துவமனைக்கோ அழைத்துப் போய், “கார்பிமசோல் சாப்பிடுகிறார், வெள்ளை அணுக்களைப் பாருங்கள்” என்று சொல்லுங்கள்.

இந்த எச்சரிக்கையைப் பையின் மேலேயே தமிழிலும் அச்சிட வேண்டும் என்பேன். அதுவரை மார்க்கர் பேனாவால் நீங்களே எழுதி ஒட்டுங்கள், பாட்டி கண்ணாடி இல்லாமலே படிக்கும் அளவுக்குப் பெரிதாக.