வானத்திலிருந்து வந்த ஒரம்பரை

கொங்கு நாட்டில் வீடு தேடி யார் வந்தாலும் 'ஒரம்பரை'தான். முன்பின் தெரியாதவராக இருந்தாலும், "வாங்க, வந்து உட்காருங்க" என்று திண்ணையில் இடம் கொடுத்து, ஒரு சொம்புத் தண்ணீர் நீட்டிய பிறகுதான், "ஏனுங்க, எந்த ஊருங்க?" என்ற கேள்வியே வரும்.

அந்த ஒரம்பரை பறக்கும் தட்டில் வந்து தென்னந்தோப்பில் இறங்கினால்?

அப்படி ஒருவர் வந்து இறங்குவதைத் தமிழ் சினிமா 1963-லேயே காட்டிவிட்டது. அவர் வந்தது தங்கத்துக்காக அல்ல, தண்ணீருக்காகவும் அல்ல. பாட்டுக்காக!

பாட்டைத் தேடி ஒரு பயணம்

எம்.ஜி.ஆரும் பி.பானுமதியும் நடித்த 'கலை அரசி' படத்தின் கதை இதுதான். வேறொரு கிரகத்தில் அறிவியல் வளர்ந்திருக்கிறது. ஆனால், இசையும் நடனமும் இல்லை. கலையைச் சொல்லிக்கொடுக்க ஆள் தேடி அவர்கள் பூமிக்கு வருகிறார்கள். நன்றாகப் பாடும் பெண்ணான பானுமதியைத் தூக்கிப் போகிறார்கள். தூக்கிப் போகும் வேற்றுக்கிரகவாசி யார்? வேறு யார், எம்.என்.நம்பியார்தான்! விண்வெளிக்கே போனாலும் எம்.ஜி.ஆருக்கு எதிரில் அவர்தானே நிற்க வேண்டும்?

படம் வெளிவந்தது 1963 ஏப்ரலில். யூரி ககாரின் விண்வெளிக்குப் போய்வந்து இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்தன. தும்பாவிலிருந்து முதல் ராக்கெட் கிளம்பியது அதே ஆண்டு நவம்பர் 21-ல். ராக்கெட்டுக்கு முன்பே நம் ஊர்த் திரையில் விண்கலம் பறந்துவிட்டது.

இசை கே.வி.மகாதேவன். பானுமதி சொந்தக் குரலில் பாடுகிறவர். 'இந்தக் குரலுக்காக ஒரு கிரகமே புறப்பட்டு வரும்' என்று கதை சொன்னபோது, ரசிகர்கள் நம்பியதற்கு அதுவும் ஒரு காரணம்.

சிங்காநல்லூர் பள்ளிக்கூடம்

இந்தப் படத்தை இயக்கிய ஏ.காசிலிங்கத்துக்குக் கோவையோடு பழைய தொடர்பு உண்டு. ஜூபிடர் பிக்சர்ஸின் 'அபிமன்யு' (1948) படத்தை எம்.சோமசுந்தரத்துடன் சேர்ந்து இயக்கியவர் அவர். அந்தக் காலத்தில் ஜூபிடரின் படங்கள் உருவானது சிங்காநல்லூர் சென்ட்ரல் ஸ்டூடியோவில். எம்.ஜி.ஆர். கதாநாயகனாக உயர்ந்த 'ராஜகுமாரி'யும் (1947) அங்கே உருவானதுதான்.

அதே 1947 ஜூன் மாதம்தான் அமெரிக்காவில் கென்னத் அர்னால்டு என்ற விமானி, வானில் ஒன்பது விசித்திரப் பொருட்கள் வரிசையாகப் பறந்ததாகச் சொன்னார். பத்திரிகைகள் 'பறக்கும் தட்டு' என்று பெயர் வைத்தன. அடுத்த பத்தாண்டுகளில் அது பாட்டாகவும் ஆனது. 1956-ல் புக்கனன் - குட்மேன் என்ற இருவர், வேற்றுக்கிரகவாசிகள் வந்திறங்குவதை வானொலிச் செய்தி போலப் பேசி, நடுநடுவே அன்றைய ஹிட் பாடல்களை வெட்டி ஒட்டி இசைத்தட்டு போட்டார்கள். இன்றைய மீம் வீடியோக்களுக்குத் தாத்தா அது! 1972-ல் டேவிட் போவி 'ஸ்டார்மேன்' பாடினார். கனடாவின் கிளாட்டு குழு 1976-ல் வெளியிட்ட, விண்கலத்தில் வருகிறவர்களைக் கூப்பிடும் பாடலை, அடுத்த ஆண்டே கார்பென்டர்ஸ் பாடி உலகெங்கும் கொண்டுபோனார்கள்.

திருப்பூரிலிருந்து இரண்டு பேர்

'கலை அரசி'க்குப் பிறகு வேற்றுக்கிரகவாசியைத் தமிழ்ப் பாட்டு ஏறக்குறைய மறந்தே போனது. நிலவைப் பாடாத கவிஞர் இல்லை. ஆனால், நிலவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வருகிறவரை யாரும் கண்டுகொள்ளவில்லை.

அவரைத் திரும்பக் கூட்டிவந்தவர் திருப்பூர்க்காரர். ஆர்.ரவிக்குமார் இயக்கத்தில், ஏ.ஆர்.ரஹ்மான் இசையில் 2024 பொங்கலுக்கு வந்த 'அயலான்'. சிவகார்த்திகேயனோடு 'டாட்டூ' என்ற வேற்றுக்கிரகவாசியும் ஆடிப்பாட, குழந்தைகள் அதைத் தங்கள் கூட்டாளியாகவே சேர்த்துக்கொண்டார்கள். 1963-ல் வந்தவர் நம்மிடமிருந்து எடுத்துப்போக வந்தார். 2024-ல் வந்தவர் பூமியைக் காப்பாற்ற வந்தார். பெயரும் பொருத்தம். தமிழில் அயலான் என்றால் அந்நியன் மட்டுமல்ல, பக்கத்து வீட்டுக்காரனும்தான்.

இன்னொரு திருப்பூர்க்காரரான ராம்குமாரின் 'முண்டாசுப்பட்டி'யில் (2014) வானிலிருந்து விழுந்த விண்கல்லை 'வானமுனி' என்று ஊரே கும்பிடும். மேலிருந்து வந்தது எதுவானாலும், ஒன்று ஒரம்பரை, இல்லையென்றால் சாமி. கொங்கு மனசு அப்படி.

தங்கத் தட்டில் தமிழ் இல்லை

சினிமாவை விட்டுவிட்டு நிஜத்துக்கு வருவோம். வேற்றுக்கிரகவாசிகள் கேட்பதற்காகவே மனிதர்கள் ஓர் இசைத்தட்டு அனுப்பியிருக்கிறார்கள். 1977-ல் கிளம்பிய வாயேஜர் விண்கலங்கள் இரண்டிலும் தங்க முலாம் பூசிய தட்டு இருக்கிறது. ஏறத்தாழ 90 நிமிட இசை. இந்தியாவிலிருந்து கேசர்பாய் கேர்கரின் இந்துஸ்தானிப் பாட்டு இடம்பிடித்தது. 55 மொழிகளில் வணக்கமும் உண்டு. தெலுங்கு இருக்கிறது, கன்னடம் இருக்கிறது. தமிழ் இல்லை!

யாரும் தமிழை வேண்டாம் என்று ஒதுக்கவில்லை. அவசர அவசரமாகத் தயாரான தட்டு அது. பதிவு நடந்த இடத்தில் பேச ஆள் கிடைத்த மொழிகள் ஏறின, கிடைக்காதவை நின்றுவிட்டன. பதிவாகாத குரல் பயணம் போவதில்லை. விஷயம் அவ்வளவுதான்.

கொங்குக் கிராமங்களில் இந்தக் கணக்கு இன்னும் நெருக்கமானது. வள்ளி கும்மியை எடுத்துக்கொள்ளுங்கள். வேடனாகவும் கிழவனாகவும் வேஷம் மாற்றிக்கொண்டு தினைப்புனத்துக்கு வரும் அயலானைப் பற்றிய பாட்டுதான் அதுவும். அதை விடாமல் பிடித்திருந்தவர் மேட்டுப்பாளையம் பக்கத்துத் தேக்கம்பட்டியின் பத்ரப்பன். ஆண்கள் மட்டும் ஆடிவந்த கும்மியைப் பெண்களுக்கும் சொல்லிக்கொடுத்தார். 'அயலான்' வெளியான அதே ஜனவரியில், 87 வயதில் அவருக்குப் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது.

அவரைப் போல ஊருக்கு ஒருவர் அமைவதில்லை. ஆனால், வீட்டுக்கு ஓர் ஆத்தாவோ அம்மாயியோ இருக்கிறார். நாற்று நடும்போது பாடியது, தொட்டிலை ஆட்டிப் பாடியது, சீரில் பாடியது என்று அவர் நெஞ்சுக்குள் ஒரு தட்டே சுழன்றுகொண்டிருக்கிறது. இந்தக் கட்டுரையைப் படிக்கிற போனிலேயே ரெக்கார்டர் இருக்கிறது. "எனக்கென்ன சாமி தெரியும்" என்று முதலில் மறுப்பார். இரண்டாவது முறை கேட்டால் பாடிவிடுவார். பாட்டோடு ஊர், வருஷம், யாரிடம் கற்றார் என்பதையும் அவர் வாயாலேயே சொல்ல வைத்துப் பதிவு செய்துகொள்ளுங்கள்.

வேற்றுக்கிரகவாசி வந்து கேட்கிறாரோ இல்லையோ, இருபது வருஷம் கழித்து உங்கள் பேத்தி நிச்சயம் கேட்பாள்.