நிரூபிக்க வேண்டியவர் யார்?

இந்தியக் குடியரசு 1950 ஜனவரி 26 அன்று பிறந்தது. அதன் வாக்காளர் பட்டியலுக்கான பணி அதற்கும் முன்பே தொடங்கிவிட்டது. வயதுவந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை என்ற அடிப்படையில் பெயர்களைச் சேர்க்குமாறு அரசியல் நிர்ணய சபையின் செயலகம் 1948இலேயே மாகாணங்களைப் பணித்தது. ஓரிடத்தில் 180 நாட்கள் வசித்திருக்க வேண்டும் என்பது விதி. பிரிவினையில் வீடிழந்து வந்த அகதிகளால் இதை நிறைவேற்ற இயலவில்லை. சில இடங்களில் அதிகாரிகள் அவர்களைச் சேர்க்க மறுத்தனர். அகதிகள் சங்கங்கள் செயலகத்துக்கு மனு மேல் மனுவாக எழுதின. அதுவரை வெறும் வரைவாக இருந்த அரசியல் சாசனத்தையே மேற்கோள் காட்டி உரிமை கேட்டன. இறுதியில், இங்கேயே நிலையாகக் குடியிருக்கப் போகிறேன் என்று அகதி தாமே தரும் உறுதிமொழி போதும் என ஏற்கப்பட்டது. எழுத்தறிவு 18 விழுக்காட்டைச் சற்றே தாண்டியிருந்த ஒரு நாட்டில், குடிமகனின் சொல்லை அரசு நம்பியது.

2025 ஜூன் 24 அன்று பீகாருக்கு அறிவிக்கப்பட்ட சிறப்புத் தீவிரத் திருத்தம் இந்த மரபைத் தலைகீழாக்கியது. 2003 பட்டியலில் பெயர் இல்லாதோர் 11 ஆவணங்களில் ஒன்றைக் காட்ட வேண்டும். அதற்கு ஒரே மாத அவகாசம். ஆதார் செல்லாது, குடும்ப அட்டை செல்லாது. தேர்தல் ஆணையமே வழங்கிய வாக்காளர் அடையாள அட்டையும் செல்லாது! கடவுச்சீட்டும் பத்தாம் வகுப்புச் சான்றிதழும் யாரிடம் இருக்கும்? நாற்று நடவுக்காகப் பஞ்சாபுக்குச் சென்றிருக்கும் நிலமற்ற தலித் தொழிலாளியிடம் இருக்குமா? மணமாகி வேற்றூர் சென்ற பெண், 2003 பட்டியலில் இருக்கும் தன் பெற்றோரின் பெயரைத் தேடித் தாய்வீட்டுக்குச் செல்ல வேண்டும். முதல் பொதுத் தேர்தலின்போது, இன்னாரின் மனைவி, இன்னாரின் மகள் என்று மட்டுமே பதிவானதால் சுமார் 28 லட்சம் பெண்களின் பெயர்கள் நீக்கப்பட்டன. முக்கால் நூற்றாண்டுக்குப் பின்னும் பெண்ணின் வாக்குரிமை இன்னொருவர் பெயரில் தொங்குகிறது.

ஆகஸ்ட் 1 அன்று வெளியான வரைவுப் பட்டியலில் 7.89 கோடி 7.24 கோடியாகச் சுருங்கியது. இறந்தோர், இடம்பெயர்ந்தோர், இருமுறை பதிவானோர் என 65 லட்சம் பெயர்கள் நீக்கப்பட்டதாக ஆணையம் கூறியது. யார் யார், என்ன காரணம் என்று வெளியிட அது முதலில் மறுத்தது. இறந்தவர்களாக அறிவிக்கப்பட்ட இருவர் உச்ச நீதிமன்றத்தில் உயிரோடு நிறுத்தப்பட்டனர். ஆகஸ்ட் 14 அன்று நீதிமன்றம் ஆணையிட்ட பிறகே பெயர்களும் காரணங்களும் வெளிவந்தன. செப்டம்பர் 8 அன்று ஆதாரும் பன்னிரண்டாவது ஆவணமாக ஏற்கப்பட்டது. இறந்தோர் பெயரை நீக்கக் கூடாதென்று எவரும் கோரவில்லை. பட்டியலில் ஏற்கெனவே இருப்பவரின் தகுதியைச் சந்தேகிப்பதானால், அவருக்கு உரிய அறிவிப்பும் வாய்ப்பும் தர வேண்டும் என்று லால் பாபு உசேன் வழக்கில் 1995இலேயே தீர்ப்பாகியிருக்கிறது. ஐயத்தைக் கிளப்புபவர்தான் அதற்கான காரணத்தைக் காட்ட வேண்டும்.

தேர்தல் ஆணையம் ஆட்சியாளரின் பிடியில் சிக்கும் அபாயத்தை அம்பேத்கர் 1949 ஜூனிலேயே அரசியல் நிர்ணய சபையில் சுட்டிக்காட்டினார். நியமனத்துக்கு உரிய காப்பு சாசனத்தில் இல்லை என்றும் ஒப்புக்கொண்டார். 2023 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தலைமை நீதிபதியை உள்ளடக்கிய தேர்வுக் குழுவை அமைத்தது. அதே ஆண்டு டிசம்பரில் மோடி அரசு சட்டம் இயற்றித் தலைமை நீதிபதியை வெளியேற்றியது. பிரதமர் தேர்ந்தெடுக்கும் ஒன்றிய அமைச்சருக்கு அவ்விடத்தை அளித்தது. மூவர் குழுவில் இருவர் அரசின் ஆட்கள். நடுவரை ஒரு தரப்பே நியமிக்கும் ஆட்டம் இது.

நெருக்கடி நிலைக் காலத்திலும் நிறுவனங்கள் வீழ்ந்தன. 1976இல் ஏடிஎம் ஜபல்பூர் வழக்கில் ஐந்து நீதிபதிகளில் நால்வர், சிறைப்பட்டோருக்கு நீதிமன்றக் கதவை மூடினர். ஆனால் 1977 மார்ச்சில் அந்தப் பிழையைத் திருத்த வாக்காளர் பட்டியல் மக்கள் கையில் இருந்தது. இன்று அந்தக் கடைசிக் கருவியிலேயே கை வைக்கப்படுகிறது. நமது கவலை இங்கிருந்துதான் எழுகிறது.

பீகாரில் எதிர்ப்பு நீதிமன்றத்தோடு நிற்கவில்லை. தொழிலாளர் சட்டத் தொகுப்புகளுக்கு எதிரான ஜூலை 9 பொது வேலைநிறுத்தத்தன்றே வாக்குரிமைக்காகவும் சாலைகளும் ரயில் பாதைகளும் மறிக்கப்பட்டன. ஆயினும் கசப்பான ஒன்றையும் பேசியாக வேண்டும். அங்கே எல்லாக் கட்சிகளுக்குமாக சுமார் 1.6 லட்சம் வாக்குச்சாவடி முகவர்கள் இருந்தும் இரண்டே ஆட்சேபங்கள்தான் வந்தன என்று ஆணையம் சொன்னது. கட்சிகளின் செயலின்மை குறித்து நீதிமன்றம் வியப்புத் தெரிவித்தது. கொடுத்த மனுக்களை அலுவலர்கள் பெறவில்லை, ஒப்புகை தரவில்லை என்று கட்சிகள் முறையிட்டன. அதில் உண்மை இருந்தது. ஆகவேதான் ஒப்புகை தருமாறு நீதிமன்றம் ஆணையிட்டது. என்றாலும் ஊர்வலத்துக்கு வரும் தோழர், மறுநாள் பட்டியலைக் கையிலெடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினாரா என்ற கேள்வி நமக்கும் உரியது. செப்டம்பர் 30 இறுதிப் பட்டியலில் 7.42 கோடிப் பேர் இருந்தனர். தொடக்கத்தைவிட இது 47 லட்சம் குறைவு.

நவம்பர் 4 முதல் இதே நடைமுறை தமிழ்நாடு, கேரளம், மேற்கு வங்கம் உள்ளிட்ட 12 மாநிலங்களிலும் யூனியன் பிரதேசங்களிலும் தொடங்கியது. பட்டியல் இறுதியான பிறகும் படிவம் 6 அளித்துப் பெயர் சேர்க்கலாம். வேட்புமனு நாள் நெருங்கும்வரை அதற்கு இடமுண்டு. ஆகவே ஒவ்வொரு கிளையும் தன் வாக்குச்சாவடிப் பட்டியலை வீடுவீடாகச் சரிபார்க்க வேண்டும். புலம்பெயர் தொழிலாளர் குடியிருப்புகள், நடைபாதைவாசிகள், அண்மையில் மணமான பெண்கள் ஆகியோரிடமிருந்து தொடங்குவது நல்லது. படிவம் 7இன் வழியே மொத்தமாக ஆட்சேபம் எழுப்பப்பட்டால், யாருடைய பெயரில் அது வந்தது என்று கேட்டுப் பதிவு செய்ய வேண்டும். ஒப்புகைச் சீட்டு பெறாமல் எந்தப் படிவத்தையும் கொடுத்துவிட்டு வரக் கூடாது.