வானத்துக் கண்ணும் கடலோரச் செவியும்

ஈக்காட்டுத்தாங்கலில் வாழும் நமக்குக் கடல் கண்ணுக்கெட்டும் தொலைவில் இல்லை. நம்மை ஒட்டி ஓடும் அடையாறு கடலில் போய்க் கலக்கிறது. கடலில் பிடித்த மீன் சந்தை வழியாக நம் அடுக்களைக்கு வருகிறது. அம்மீன் எங்கே திரளும் என்பதை, 700 கிலோமீட்டருக்கும் மேலான உயரத்தில் சுற்றும் செயற்கைக் கோளின் துணைகொண்டு இன்று கணிக்கின்றனர் என்றால் வாசகர் வியக்கக்கூடும்.

கோளின் கண்ணுக்கு மீன் தெரியாது. கடலின் நிறம் தெரியும். நீரில் மிதக்கும் நுண்ணிய பாசிகளில் உள்ள பச்சையம் நீல ஒளியை விழுங்கிவிடும். ஆதலால் பாசி மிகுந்த நீர் பசுமை காட்டும். பாசியைச் சிற்றுயிர்கள் உண்ண, அவற்றைச் சிறு மீனும், சிறு மீனைப் பெரு மீனும் தேடி வரும். குளிர்ந்த நீரும் வெப்ப நீரும் சந்திக்கும் எல்லையிலும் மீன் கூடுவதுண்டு. நிறத்தையும் வெப்பத்தையும் இணைத்துப் பார்த்து, எந்தத் திசையில், எத்தனை தொலைவில், எவ்வளவு ஆழத்தில் வலை வீசலாம் என்று ஐதராபாத்திலுள்ள கடல் தகவல் மையம் தமிழிலும் அறிவிக்கிறது. வீணே அலைந்து டீசலை எரிக்கும் செலவு இதனால் குறையும். எல்லாப் படகுகளும் ஒரே இடத்திற்கு விரைந்தால் மீன்வளம் என்னாகும் என்பது வேறு கேள்வி. அதையும் எண்ணிப் பார்க்கத்தான் வேண்டும்.

1979இல் சோவியத் நாட்டிலிருந்து ஏவப்பட்ட பாஸ்கராவிலேயே கடலை ஆராயும் நுண்ணலைக் கருவி ஒன்று இருந்தது. 1999 மே 26இல் கடலுக்கென்றே ஓஷன்சாட் அனுப்பப்பட்டது. அந்த வரிசையில் 2022 நவம்பர் 26இல் சென்ற கோள் நிறம், வெப்பம், கடல்மேல் வீசும் காற்று ஆகிய மூன்றையும் நோக்கும் கருவிகளைத் தாங்கியது. தனித்தனியே அளந்தவற்றை ஒன்றாகச் சேர்த்துக் காண்பதே இன்றைய போக்கு. இந்தியாவும் பிரான்சும் இணைந்து 2013இல் அனுப்பிய சரல் என்னும் கோள், கடல்மட்டத்தின் ஏற்றத் தாழ்வைச் சில சென்டிமீட்டர் நுட்பத்தில் அளந்தது. வெப்பமுற்ற நீர் விரிந்து சற்றே உயரும் அன்றோ? புயலுக்கு ஊட்டமளிக்கும் வெப்பம் கடலில் எங்கே தேங்கியுள்ளது என்பதை அந்த உயரமே காட்டிக் கொடுக்கும்.

வானத்துக் கண்ணுக்கும் மறைவுகள் உண்டு. நிறம் காணும் கருவிக்கு மேகம் திரையாகும். நம் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் இது பெருங்குறை. ஆற்று முகத்துவாரங்களில் வண்டலும் கழிவும் நீரைக் கலக்கிவிடுவதால், பச்சையம் எது, சேறு எது எனப் பிரித்தறிவதும் கடினம். மேகத்தை ஊடுருவும் நுண்ணலைக் கருவிகளோ காற்றை அளக்கும், பாசியைக் காட்டா.

இவற்றினும் பெரிய இடைவெளியை 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் வெளிப்படுத்திற்று. குமரிக் கடலருகே அது விரைந்து வலுத்தது. தூத்தூர் முதலிய கரையோரப் பங்குகளின் மீனவர் பலர் அதற்குச் சில நாள் முன்னரே ஆழ்கடலுக்குச் சென்றிருந்தனர். கரையில் ஒலித்த எச்சரிக்கை அங்கே அவர்களுக்கு எட்டவில்லை. தமிழகத்திலும் கேரளத்திலுமாக நூற்றுக்கணக்கானோர் மாண்டனர் அல்லது காணாமற் போயினர். காண்பதற்குக் கோள் அனுப்பிய நாம், கண்டதைப் படகுக்குச் சொல்ல வழி செய்யாதிருந்தோம்!

2019இல் ஜெமினி என்னும் சிறு கருவி வந்தது. கைப்பேசித் தொடர்பு எட்டாத ஆழ்கடலிலும் அது செய்தி பெறும். ஆயினும் மீனவர் மறுமொழி கூற இயலாது. ஆபத்தில் இருப்பவனுக்குக் கேட்கும் செவி மட்டும் போதுமா? 2024 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட திட்டம், இருவழிச் செய்திக்கு உதவும் டிரான்ஸ்பாண்டர்களை ஒரு இலட்சம் படகுகளில் இலவசமாகப் பொருத்த முற்பட்டது. கடற்கரை ஊர்களில் உறவினர் உள்ள குடும்பத்தினர், அவர்களது படகில் அக்கருவி பொருத்தப்பட்டுள்ளதா, புறப்படுமுன் அது இயங்குகிறதா என்று ஒரு வார்த்தை விசாரித்து வைப்பது நலம்.